முதல் இரத்தம் கண்ட ஆண்டு: நீண்டகாலப் பெருங்குடல் அழற்சியில் தோன்றிய புற்றுநோய் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்னும் பெருங்குடல் அழற்சியோடு நெடுங்காலம் வாழ்பவர்களுக்குப் பெருங்குடற் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது வைத்தியர்கள் அனைவரும் அறிந்த செய்தி. அந்த ஆபத்தை எந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குவது என்ற கேள்விதான் கிளினிக் நாளின் அவசரத்தில் நழுவிப் போகிறது. கீழே விவரிக்கப்படும் நோயாளியிடம் நான் அந்தக் கேள்வியை மூன்று ஆண்டுகளாகக் கேட்கவில்லை. அவருடைய கிளினிக் கொப்பியில், நோய் தொடங்கியதாக எழுதியிருந்த ஆண்டை அப்படியே நம்பினேன். இந்த ஆய்வை எழுதுவதற்கு அதுவே காரணம். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

நோயாளி

54 வயதான ஆண். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுபவர். கொட்டாஞ்சேனையில் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் வசிப்பவர். புகைத்தல் இல்லை, மது இல்லை. 2021ஆம் ஆண்டு முதல் எங்கள் கிளினிக்கிற்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்து, நாளொன்றுக்கு 2 கிராம் வீதம், அழற்சியைத் தணிக்கும் சல்பசலசீன் மாத்திரையைப் பெற்றுச் சென்றார். நாளுக்கு இரண்டு முறை மலம் கழிப்பார், இரத்தமோ சீதமோ இல்லை, நிறை குறையவில்லை. நெரிசலான கிளினிக்கில் இப்படியான நோயாளி இரண்டு நிமிடத்தில் மருந்துத் துண்டோடு வெளியே போய்விடுவார். அவரும் அப்படியே போய்வந்தார்.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கடைப் படிக்கட்டில் ஏறும்போது இளைப்பதாகச் சொன்னார். ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 10.4 கிராமாக இருந்தது. சல்பசலசீன் நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு போலேற்று என்ற விற்றமின் உறிஞ்சப்படுவது குறைந்து இரத்தசோகை வருவதுண்டு என்பதால் முதலில் அந்தப் பக்கமே எண்ணம் போனது. ஆனால் போலேற்றுக் குறைவில் செங்குருதிக் கலங்கள் பருத்திருக்கும்; இவருடைய கலங்களோ சிறுத்திருந்தன, இரும்புச்சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிற்றினும் மிகக் குறைவு. அதாவது இரும்புச்சத்து எங்கேயோ கசிந்து போய்க்கொண்டிருந்தது. ஐம்பது வயதைக் கடந்த ஓர் ஆணுக்கு, கண்ணுக்குத் தெரியும் இரத்தப்போக்கு எதுவுமின்றி இரும்புச்சத்துக் குறைவதென்றால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை குடலில் கட்டி இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும். இதற்கு முன்பே அயலிலுள்ள ஒரு சிகிச்சை நிலையத்தில் மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஏன் குறைந்தது என்று அங்கே யாரும் பார்க்கவில்லை.

கொப்பியின் முதல் பக்கத்தில், நோய் தொடங்கிய ஆண்டு 2016 என்று இருந்தது. அந்தக் கணக்குப்படி 2024இல்தான் எட்டாவது ஆண்டு. கண்காணிப்புக் கொலனொஸ்கோபி, அதாவது முழுப் பெருங்குடலையும் கெமராவால் பார்க்கும் பரிசோதனை, தொடங்கவேண்டிய காலமும் அதுவே. 2021இல் முதன்முறை அவரைப் பார்த்தபோது, ஐந்து ஆண்டுகள்தானே ஆகின்றன, இன்னும் காலம் இருக்கிறது என்றுதான் நான் முடிவு செய்திருந்தேன். இப்போது வீட்டில் பழைய துண்டுகள் ஏதும் இருந்தால் எடுத்துவரும்படி மனைவியிடம் சொன்னேன். அடுத்த வாரம் அவர் ஒரு ஷொப்பிங் பையில், இறப்பர் நாடா போட்டுக் கட்டிய ஒரு கட்டுத் தாள்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நாடா இற்றுப்போய்த் தாளோடு ஒட்டியிருந்தது. கட்டின் அடியில், மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்த 2003ஆம் ஆண்டின் நோயறிதல் அட்டை ஒன்று கிடந்தது. அதில், ஐந்து ஆண்டுகளாக மலத்துடன் இரத்தம் போவதாகவும், கொலனொஸ்கோபியில் பெருங்குடல் தொடங்கும் இடம் முதல் மலக்குடல் வரை முழுப் பெருங்குடலும் அழற்சியுற்றிருப்பதாகவும் எழுதப்பட்டிருந்தது.

எனவே நோய் தொடங்கியது 1998இல். அப்போது அவர் வவுனியாவில் இருந்தார், வயது 28. முதலில் வயிற்றுளைவு என்று மருந்து எடுத்தார். பிறகு மூலவியாதி என்றார்கள். உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் குடித்த காலமும் உண்டு. கொழும்புக்கு வந்த பிறகுதான் 2003இல் நோய்க்குப் பெயர் கிடைத்தது. 2003, 2005, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளில் நோய் கடுமையாகித் தங்கிச் சிகிச்சை பெற்று, பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து எடுத்திருக்கிறார். 2016இல் வீடு மாறியபோது கிளினிக்கும் மாறியது. அங்கே புதிய கொப்பி திறக்கப்பட்டது. கொப்பி திறந்த ஆண்டே நோய் தொடங்கிய ஆண்டாக யாரோ எழுதிவிட்டார்கள். அதன் பிறகு அதைப் பார்த்த ஒவ்வொருவரும் அதையே படியெடுத்தோம். 2018இல் அவருக்குச் சிக்மொயிடொஸ்கோபி, அதாவது பெருங்குடலின் கீழ்ப்பகுதியை மட்டும் கெமராவால் பார்க்கும் பரிசோதனை, ஒன்று செய்திருக்கிறார்கள். மலக்குடலும் இடப்பக்கத்தின் கீழ்ப்பகுதியும் அமைதியாக இருப்பதாக அறிக்கை. 2003க்குப் பிறகு அவருடைய வலப்பக்கப் பெருங்குடலை எவரும் பார்த்ததில்லை. இருபத்தொரு ஆண்டுகள்.

பரிசோதனை

கொலனொஸ்கோபி செய்யவேண்டும் என்றதும் மனைவி கேட்டார்: “டொக்டர், இவருக்கு இப்ப வயித்தால போறதும் இல்ல, ரத்தமும் இல்ல. சுகமா இருக்கிற ஆளுக்கு ஏன் கெமரா விடோணும்?” இது நியாயமான கேள்வி. கெமரா என்பது வருத்தம் முற்றும்போது செய்வது என்று எங்கள் நோயாளிகள் நினைப்பதற்கு நாங்களும் பொறுப்பு; நோய் மூண்டபோதெல்லாம்தான் அதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். குடல் அமைதியாக இருக்கும்போது செய்வதே சிறந்த கண்காணிப்பு என்பதை அன்று இருவருக்கும் விளக்கினேன். அழற்சி கொதித்துக்கொண்டிருக்கும் குடலில் செம்மையும் வீக்கமும் எல்லாவற்றையும் மூடிவிடும். நுணுக்குக்காட்டியின் கீழும் அழற்சியால் மாறிய கலத்தையும் புற்றுநோயை நோக்கி மாறும் கலத்தையும் பிரித்தறிவது கடினமாகும்.

முதல் முயற்சி பயன்படவில்லை. குடல் சுத்தமாகவில்லை; வலப்பக்கம் முழுவதும் மஞ்சள் திரவம் தேங்கி நின்றது. குடிக்கக் கொடுத்த மருந்துக் கரைசலில் பாதியைத்தான் குடித்ததாகப் பின்னர் சொன்னார். “நாலு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ், டொக்டர். இரவு முழுக்க நானே பிடிச்சு வச்சிருக்கேலுமா?” வடகொழும்பில் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் எத்தனையோ பேருக்கு இதே நிலைமை. சுத்திகரிப்பு மருந்தை எப்படிக் குடிப்பது என்று தாள் கொடுத்து அனுப்பும் நாங்கள், அதை எந்த வீட்டில் குடிப்பது என்று கேட்பதில்லை. இரண்டாம் முறை முதல்நாளே வார்டில் அனுமதித்து, மருந்தை இரண்டு பகுதியாகப் பிரித்து, பின்பாதியைப் பரிசோதனை நாளின் அதிகாலையில் கொடுத்தோம். குடல் தெளிந்திருந்தது.

மலக்குடல் வெளிறி அமைதியாக இருந்தது. மலக்குடலுக்கு மேலேயுள்ள சிக்மொயிட் பகுதியிலும் இறங்கு குடலிலும் மடிப்புகள் மறைந்து, குடல் ஒரு நேர்க்குழாய்போல் தெரிந்தது. பழைய புண்கள் ஆறிய இடங்களில் எஞ்சும் போலிப் பொலிப்புகள் ஆங்காங்கே தொங்கின. இவை இரண்டும் கடந்தகால அழற்சி எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கான தழும்புகள். வலப்பக்கத்து ஏறு குடலில் சாதாரண வெளிச்சத்தில் முதலில் எதுவும் கண்ணில் படவில்லை. இண்டிகோ கார்மைன் நீலச் சாயத்தைத் தெளித்து, ஒரு நிமிடம் பொறுத்து, மெல்லப் பின்னிழுத்து வந்தபோது, ஈரற் பக்க வளைவுக்குச் சற்றுக் கீழே சாயம் ஓரிடத்தைச் சுற்றி ஓடித் தேங்கியது. மற்ற இடமெல்லாம் ஒழுங்கான புள்ளிகளாகத் தெரிய, அந்த இடம் மட்டும், ஈரச் சுவரில் பூச்சு உப்பியதுபோல், ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் அகலத்துக்குச் சற்றே மேடாகவும் நடுவில் சிறு பள்ளத்துடனும் இருந்தது. எல்லை தெளிவில்லை. அதிலிருந்தும் அதைச் சுற்றியிருந்த தட்டையான பகுதியிலிருந்தும் தனித்தனியாக இழையத் துணுக்குகள் எடுத்தோம்.

நோயியல் அறிக்கை: மேட்டுப் பகுதியில் உயர்தர டிஸ்பிளேசியா (கலங்கள் புற்றுநோயை நோக்கி மாறுதல்), ஓரிடத்தில் ஊடுருவல் இருக்கலாம் என்ற ஐயம், சுற்றியுள்ள தட்டைப் பகுதியில் தாழ்தர டிஸ்பிளேசியா. இந்த நோயில் டிஸ்பிளேசியா என்ற ஒரு சொல்லை வைத்தே ஒருவரின் முழுப் பெருங்குடலும் அகற்றப்படக்கூடும் என்பதால், இன்னொரு நோயியல் நிபுணரும் தனியே பார்த்தார். இருவரின் கருத்தும் ஒன்றாகவே இருந்தது. சிடி பரிசோதனையில் ஈரலிலோ நுரையீரலிலோ பரவல் காணப்படவில்லை. ஈரல் நொதியங்கள் இயல்பாக இருந்தன.

சிகிச்சை

கட்டியிருந்த வலப்பக்கத்தை மட்டும் வெட்டினால் போதாதா என்று நோயாளி கேட்டார். சாதாரணப் பெருங்குடற் புற்றுநோயாக இருந்தால் போதும். இங்கே நிலைமை வேறு; அழற்சி முழுப் பெருங்குடலையும் ஆண்டுக்கணக்காகத் தொட்டிருக்கிறது, ஓரிடத்தில் முளைத்தது அடுத்த இடத்திலும் முளைக்கத் தயாராக இருக்கலாம். பெருங்குடலையும் மலக்குடலையும் முழுமையாக அகற்றி, சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் பைபோல மடித்துத் தைத்துக் குதத்துடன் இணைக்கும் சத்திரசிகிச்சை அவருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 1978இல் லண்டனில் பார்க்ஸ், நிக்கல்ஸ் என்னும் இரு சத்திரசிகிச்சை நிபுணர்கள் விவரித்த முறை இது. அதற்கு முன்னர் இப்படியான நோயாளிகளில் பெரும்பாலோர் வயிற்றில் மலம் சேரும் பையை நிரந்தரமாகக் கட்டியே வாழவேண்டியிருந்தது. இவரும் இணைப்பு ஆறும்வரை நான்கு மாதம் அந்தப் பையைக் கட்டினார். கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதும்போது அது நிரம்பி வாடை வருமோ என்ற பயமே நோயைவிடப் பெரிய பயமாக இருந்ததாகச் சொன்னார். வார்டில் இருந்த தாதி ஒருவர் பையை மாற்றுவதை அவருக்கும் மனைவிக்கும் மூன்று நாள் பொறுமையாகக் காட்டிக்கொடுத்தது அந்தப் பயத்தைப் பாதியாகக் குறைத்தது.

அகற்றப்பட்ட குடலில், ஏறு குடலின் கட்டி தசைப்படை வரை இறங்கிய புற்றுநோய் என உறுதியானது. பரிசோதித்த 24 நிணநீர்க் கணுக்களில் எதிலும் பரவல் இல்லை. முதலாம் நிலை, கீமோதெரபி தேவைப்படவில்லை. இன்னொரு செய்தியும் அந்த அறிக்கையில் இருந்தது. சிக்மொயிட் பகுதியில், சாயம் தெளித்துப் பார்த்தபோதும் எங்கள் கண்ணுக்குப் படாத ஓரிடத்தில், தாழ்தர டிஸ்பிளேசியா இருந்தது. வலப்பக்கத்தை மட்டும் வெட்டியிருந்தால் அதை உள்ளேயே விட்டுவைத்திருப்போம்.

கலந்துரையாடல்

பெருங்குடல் அழற்சி உள்ளவருக்குப் புற்றுநோய் தோன்றுவதை 1925இலேயே குரோனும் ரோசன்பேர்க்கும் பதிவுசெய்தார்கள். அந்தத் தொடர்பின் அளவு பற்றிய கணிப்புகள்தான் காலத்தோடு மாறிவந்திருக்கின்றன. 2001இல் வெளியான, பல ஆய்வுகளைத் திரட்டிய கணிப்பு ஒன்று, நோய் தொடங்கி 10 ஆண்டுகளில் 2 சதவீதம், 20 ஆண்டுகளில் 8 சதவீதம், 30 ஆண்டுகளில் 18 சதவீதம் என்று சொன்னது; பாடப்புத்தகங்களில் நீண்டகாலம் நின்ற எண்கள் இவையே. 2006இல் வெளியான லண்டன் சென் மார்க்ஸ் வைத்தியசாலையின் முப்பதாண்டுக் கண்காணிப்பில் அது 20 ஆண்டுகளில் 2.5, 30 ஆண்டுகளில் 7.6, 40 ஆண்டுகளில் 10.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. 2012இல் டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வோ, இந்நோயாளிகளின் ஆபத்து மொத்தத்தில் பொதுமக்களினதிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை என்றது. ஆனால் சிறுவயதில் நோய் வந்தவர்களிலும் நீண்டகாலமாக நோய் உள்ளவர்களிலும் பித்தக்குழாய் நோய் சேர்ந்தவர்களிலும் அது உயர்ந்தே இருந்தது.

இந்த எண்கள் குறைந்து வந்ததைக் கண்டு மகிழலாம். அழற்சியைச் சிறப்பாகக் கட்டுப்படுத்தும் மருந்துகளும், உரிய காலத்துச் சத்திரசிகிச்சையும், ஒழுங்கான கண்காணிப்பும் இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. ஆனால் அதை வைத்துக் கண்காணிப்பே தேவையில்லை என்று எண்ணுவது, குடை பிடித்ததால் நனையாதவர் மழை நின்றுவிட்டது என்று குடையை மடக்குவதற்கு ஒப்பாகும்.

இங்கே புற்றுநோய் பிறக்கும் வழியும் வேறுபட்டது. சாதாரணப் பெருங்குடற் புற்றுநோய் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் பொலிப்பு ஒன்றிலிருந்து வளர்கிறது. அதில் ஏபிசி என்ற மரபணு தொடக்கத்திலும் டிபி53 என்ற மரபணு பிந்தியும் பழுதடைகின்றன. அழற்சியிலிருந்து வரும் புற்றுநோயில் இந்த வரிசை ஏறக்குறையத் தலைகீழாகும்: டிபி53 முந்திப் பழுதடைகிறது, ஏபிசி பிந்துகிறது அல்லது பழுதடைவதே இல்லை. அழற்சிக் கலங்கள் வெளிவிடும் ஒட்சிசன் மூலிகங்கள் டிஎன்ஏயைத் திரும்பத் திரும்பத் தாக்குகின்றன; புண் ஆறும்போதெல்லாம் கலங்கள் விரைந்து பெருகுகின்றன; பழுதான ஒரு கலத்தின் வழித்தோன்றல்கள், ஆறிய புண்ணின் வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டு குடலின் நீண்ட பரப்பில் பரவிவிடுகின்றன. எனவேதான் மாற்றம் தட்டையாக, எல்லையின்றி, ஒரே குடலில் பல இடங்களில் இருக்கிறது. எங்கள் நோயாளியின் சிக்மொயிட்டில் ஒளிந்திருந்த டிஸ்பிளேசியா இதற்கு நேரான சாட்சி. ரிடலும் அவரோடு பணியாற்றிய நோயியலாளர்களும் 1983இல் வகுத்த தரப்படுத்தலே, எதிர்மறை, நிச்சயமற்றது, தாழ்தரம், உயர்தரம் என்று, இன்றும் நோயியல் அறிக்கைகளின் அடிப்படையாக இருக்கிறது.

யாருக்கு ஆபத்து அதிகம் என்பதில் இப்போது நல்ல தெளிவு உண்டு. மலக்குடலோடு மட்டும் நின்ற அழற்சியால் ஆபத்துக் கூடுவதாகத் தெரியவில்லை; அவர்களைக் கண்காணிப்பு என்று அலைக்கழிக்கத் தேவையில்லை. இடப்பக்கம் முழுவதையும் பிடித்த நோய்க்கு ஆபத்து நடுத்தரம். முழுப் பெருங்குடலையும் பிடித்ததற்கு அதிகம். பெருங்குடலின் பெரும்பகுதியைப் பிடித்த க்ரோன் நோய் என்ற மற்றொரு குடல் அழற்சி நோய்க்கும் இதே கணக்குத்தான். இழையத்தில் காணப்படும் அழற்சியின் கடுமை, குடல் இறுக்கம், போலிப் பொலிப்புகள், முன்பு கண்ட டிஸ்பிளேசியா, நெருங்கிய உறவினருக்கு 50 வயதுக்கு முன் வந்த பெருங்குடற் புற்றுநோய் ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. பித்தக்குழாய்கள் தடித்துச் சுருங்கும் பிஎஸ்சி நோய் சேர்ந்திருந்தால் மட்டும் எட்டு ஆண்டு காத்திருக்கும் பேச்சே இல்லை. அந்த நோய் அறியப்பட்ட நாளிலிருந்தே ஆண்டுதோறும் கொலனொஸ்கோபி வேண்டும். மற்றவர்களுக்கு, அறிகுறி தொடங்கி ஏறத்தாழ 8 ஆண்டுகளில் முதற் கண்காணிப்பு. பிறகு ஆபத்துக்கேற்ப ஓர் ஆண்டு, இரண்டு மூன்று ஆண்டுகள், அல்லது ஐந்து ஆண்டு இடைவெளி.

அறிகுறி தொடங்கி என்பதே இங்கே கவனிக்கவேண்டிய சொல். நோய் பெயரிடப்பட்ட நாளிலிருந்து அல்ல. நம் கிளினிக்கில் கொப்பி திறந்த நாளிலிருந்து அல்லவே அல்ல. குடல் தன் பழுதைச் சேர்க்கத் தொடங்குவது முதல் இரத்தம் கண்ட நாளில். இந்த நோயாளிக்கு நோயின் பெயர் தெரியவே ஐந்து ஆண்டுகள் பிந்தியது. எங்கள் நாட்டில் இது அரிதல்ல. மலத்தில் இரத்தம் போனால் வயிற்றுளைவு, மூலம், சூடு என்ற மூன்று சொற்களும் முதலில் வந்து நிற்கின்றன. அதற்குள் ஆண்டுகள் போய்விடுகின்றன. அதற்கு மேல் போரும் இடப்பெயர்வும் தாள்களைத் தொலைத்துவிட்ட ஒரு சமூகத்தில், கொப்பியின் முதல் பக்கத்தை நம்புவது பெரும் பிழையாகும். 1998இலிருந்து எண்ணியிருந்தால் இவருக்கு 2006இலேயே கண்காணிப்புத் தொடங்கியிருக்க வேண்டும். நான் முதன்முறை பார்த்த 2021இல் நோய்க்கு வயது 23. அன்று பார்த்திருந்தால் என்ன கண்டிருப்போம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அன்றே பார்த்திருக்க வேண்டும்.

சிக்மொயிடொஸ்கோபி பற்றியும் ஒரு வார்த்தை. நோய் மூண்டிருக்கிறதா என்று அறிய அது எளிய, நல்ல பரிசோதனை. புற்றுநோய்க் கண்காணிப்புக்கு அது உதவாது. எனிமாவாகவும் மாத்திரையாகவும் மருந்து எடுத்தவர்களில் கீழ்ப்பகுதி அழகாக ஆறியிருக்க, மேலே வேறு கதை நடந்துகொண்டிருக்கலாம். 2018இன் அந்த அறிக்கையில் பிழை எதுவும் இல்லை. அது பார்த்ததைச் சரியாகவே சொன்னது. பார்க்காத இடத்துக்கும் அது சேர்த்துச் சான்றளிக்கிறது என்று வாசித்தவர்கள் நாங்கள்.

சாயம் தெளித்துப் பார்க்கும் முறை இல்லாத இடங்களில், நான்கு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு 10 சென்ரிமீற்றருக்கும் துணுக்கு எடுப்பது பழைய வழக்கம். குறைந்தது 33 துணுக்குகள் வேண்டும் என்பார்கள். அத்தனையையும் வெட்டிப் பார்க்கும் சுமை நோயியல் பிரிவின் தலையில் விழுகிறது. சாயம் விலை கூடிய பொருள் அல்ல. அதைவிட விலை கூடியது நேரம். பொறுமையாகப் பின்னிழுத்துப் பார்க்க ஒரு நோயாளிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டும், வெளியே வரிசை காத்திருக்கும். அதற்காகவே கண்காணிப்புப் பட்டியலைச் சரியாக வடிகட்டவேண்டும் என்கிறேன்: மலக்குடல் அழற்சி மட்டும் உள்ளவரைப் பட்டியலிலிருந்து எடுத்தால், இருபது ஆண்டு பழைய முழுக்குடல் நோயாளிக்கு அந்த அரை மணி நேரம் கிடைக்கும். 2010இல் வெளியான, கொழும்பு, கம்பஹா மாவட்டங்களின் வைத்தியசாலைகளை ஆராய்ந்த கணக்கெடுப்பில் இவ்விரு குடல் அழற்சி நோய்களில் ஒன்று உள்ளவர்கள் 295 பேர் கண்டறியப்பட்டார்கள். அவர்களில் 240 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ். அன்று கண்டறியப்பட்ட எல்லோருக்கும் இன்று எட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன.

மருந்தைப் பற்றியும் நோயாளிகள் கேட்பதுண்டு: மருந்தே புற்றுநோயைத் தருமா? நோயெதிர்ப்பைத் தணிக்கும் அசதயோப்பிரின் வகை மருந்துகளால் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் சில தோற் புற்றுநோய்களுக்கும் சிறிய அளவில் வாய்ப்புக் கூடுவது உண்மை. அதைச் சொல்லியே கொடுக்கவேண்டும். ஆயினும் கட்டுப்படாத அழற்சியே பெருங்குடலுக்குப் பெரிய எதிரி. மருந்துக்குப் பயந்து நிறுத்துபவர் அந்த எதிரிக்குக் கதவைத் திறந்துவிடுகிறார்.

பிற்கதை

அவர் இப்போது நாளுக்கு ஐந்து ஆறு முறை மலம் கழிக்கிறார், இரவில் ஒரு முறை அதற்காக எழும்புகிறார், ஹீமோகுளோபின் 13.6. கடைக்குத் திரும்பிவிட்டார். சிறுகுடலில் மடித்துத் தைத்த பை, புற்றுநோய் கண்ட குடலுக்குப் பதிலாக அமைத்தது என்பதால் ஆண்டுதோறும் அதைக் கெமராவால் பார்க்கவேண்டும். முதலாவது முடிந்தது, மாற்றம் எதுவும் இல்லை. அவருடைய தம்பி வவுனியாவில் இருக்கிறார், வயது 49, அவரையும் கொலனொஸ்கோபி செய்துகொள்ளச் சொல்லிக் கடிதம் கொடுத்தோம். கடைசியாக வந்த நாளில் புதிய கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார், பழையது நிரம்பிவிட்டதாம். மண்ணிறத் தாளில் உறை போட்டிருந்தது. நான் எழுதுமுன்பே முதல் பக்கத்தின் மேலே, கணக்கெழுதுபவரின் திருத்தமான கையெழுத்தில், அவரே எழுதியிருந்தார்: முதல் இரத்தம் கண்டது, 1998.